காற்றின் கணக்கு: 1942ஆம் ஆண்டும் டெலானிபூர் டயர்களும்

டெலானிபூர்த் தெருக்களில் ஓடும் கார் எதுவாயினும், அதன் டயர் கடல் கடந்து வந்தது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் ரப்பர் விளையாமலில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஆயினும் பாலை டயராக்கும் ஆலை இங்கில்லை. சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கப்பல் வந்தால்தான் புது டயர். இருக்கும் டயரைப் பேணுவது இங்கு வெறும் சிக்கனம் சார்ந்த செய்தியாகாது. அதே கடமை ஒரு பெரிய நாட்டின் சட்டமாகவே ஆன காலமும் உண்டு. அதற்கான காரணம் இத்தீவுகளைச் சூழ்ந்த கடற்பரப்பில்தான் நிகழ்ந்தது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ஜாவா, அதே மார்ச் 23இல் போர்ட் பிளேர். உலகின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நேச நாடுகளின் கைவிட்டுப் போயிற்று. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவியோருள் பெரும்பகுதியினர் கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். அவர்களுள் பல்லாயிரவர் பின்னர் சயாம்-பர்மா ரயில் பாதைப் பணிக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். டயரின் வரலாறு கண்டுபிடிப்பாளர் பெயர்களால் எழுதப்படும்போது இவர்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பிலும் இடம்பெறுவதில்லை.

ரப்பர் நின்றதன் விளைவு அமெரிக்காவில் உடனே தெரிந்தது. போர்க்காலத்தில் அங்கு முதலில் பங்கீட்டுக்கு வந்த பொருள் டயர், 1942 ஜனவரியில். சர்க்கரையும் காப்பியும் பின்னரே வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் பெர்னார்ட் பரூக் தலைமையிலான குழு, பெட்ரோலையும் நாடு முழுதும் பங்கிடுமாறு பரிந்துரைத்தது. வண்டி குறைவாக ஓடினால் டயர் மிஞ்சும் என்பதே அதன் முதன்மைக் காரணம். மணிக்கு 35 மைல் வேக வரம்பு, காருக்கு ஐந்துக்கு மேல் டயர் வைத்திருக்கத் தடை, குறித்த காலந்தோறும் கட்டாய டயர்ப் பரிசோதனை ஆகியனவும் நடைமுறைக்கு வந்தன.

இவற்றின் அடிப்படை எளிது. 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்று, 1888இல் டன்லப் மீண்டும் உருவாக்கிய காற்றுச் சக்கரத்தில், சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றே. காற்றுக் குறைந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து சூடேறும்; விளிம்புகள் தேயும். காற்று மிகுந்தால் நடுப்பகுதி தேயும், சாலைப்பிடிப்பும் குறையும்.

சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 'டயர்' என்பது ஆடையணியைக் குறிக்கும் 'அட்டயர்' என்னும் சொல்லின் குறுக்கம். முதலில் அது மரச்சக்கரத்துக்கு இட்ட இரும்பு வளையத்தைக் குறித்தது. தமிழில் அதற்குப் பட்டா, பட்டை என்னும் பெயர்கள் முன்பே இருந்தமையால், டயர் ரப்பருக்கு மட்டும் உரியதாயிற்று. 'டயர் வண்டி' என்றால் ரப்பர்ச் சக்கரம் பூட்டிய மாட்டுவண்டி. ஆனால் பாடநூலின் 'அழுத்தம்' பஞ்சர் கடைக்குள் நுழையவில்லை. அங்கே 'காத்து எவ்வளவு?' என்பதே வினா; விடை ஓர் எண்.

அந்த எண்ணில்தான் பிழை நேர்கிறது. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு. காருக்குரிய அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும்; ஆளும் சுமையும் கூடினால் அதிலேயே வேறு அளவும் தரப்பட்டிருக்கும். வண்டி சில மணிநேரம் நின்று டயர் ஆறியபின் அளப்பதே முறை.

வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் இறங்கினால் கார் டயரில் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும். குளிர்நாடுகளில் பருவமே இதை நினைவூட்டிவிடும். டெலானிபூரில் ஆண்டு முழுதும் வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. எனினும் பஞ்சரே இல்லாத டயரும் மாதத்துக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இழக்கும். ரப்பரின் ஊடாகவே காற்றுக் கசியும். ரேடியல் டயரின் அடி இயல்பாகவே சற்றுப் புடைத்துத் தோன்றுவதால் கண் இதைக் கண்டுகொள்ளாது; அளவி வேண்டும். நகரெல்லைக்குள்ளேயே ஓடும் காரில் டயர் தேயுமுன் ரப்பருக்கு வயதாகிவிடுவதும் உண்டு. வெயிலாலும் ஓசோனாலும் பக்கச்சுவரில் நுண்வெடிப்பு விழும். கப்பலேறி வந்து கடையிலும் சில காலம் இருந்த டயரை வாங்குவோர், பக்கச்சுவரின் நான்கு இலக்க எண்ணைப் படித்துவிடுவது நன்று: 1823 என்றிருந்தால் அது 2023ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் வார்த்தது.