காலநிலைத் துறையில் வேலை: டிகிரி இருந்தால் மட்டும் போதுமா?

'பேசாமல் காலநிலை மாற்றம் சார்ந்த வேலைக்கு மாறிடலாமா?' இப்படி யோசித்திருந்தால், முதலில் எந்த கோர்ஸ் படிக்கலாம் என்றுதான் தேடியிருப்பீர்கள். கோர்ஸ் தேவைதான். ஆனால் இந்த வேலையில் உங்களை நிலைக்க வைப்பது வேறு சில குணங்கள்.

இது சோலார், காற்றாலையோடு முடிகிற துறை இல்லை. வெப்ப அலைக்கு நகரத்தைத் தயார்படுத்துவது, நிறுவனங்களின் கார்பன் கணக்கைப் பார்ப்பது, பயிர்க் காப்பீடு எல்லாமே இதில் வரும்.

எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கத் தெரியுமா?

அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே இதுதான் முதல்முறை. நிற வாரியாக எச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர் ஏற்பாடு என்று எல்லாமே எளிமையான விஷயங்கள்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். 'மதியம் வெளியே போகாதீங்க' என்று மெசேஜ் அனுப்புவது சுலபம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு மதியம் வீட்டில் இருந்தால் பாதிக் கூலி போச்சு. இதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், லேப்டாப்பில் தெரியாது.

கர்நாடகாவின் பாவகடா இன்னொரு உதாரணம். 2,050 மெகாவாட் சோலார் பூங்காவுக்காக அங்கே சுமார் 13,000 ஏக்கர் எடுத்தார்கள். நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை பேசினார்கள். பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது, வறட்சியிலும் வருமானம் வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அதே நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்த நிலமற்றவர்களுக்குக் குத்தகைப் பணம் கிடையாது. திட்டம் போடும்போதே 'அவங்க என்ன செய்வாங்க?' என்று கேட்கிற ஒருவர் அந்த மீட்டிங்கில் இருக்க வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

சலிப்பைத் தாங்க முடியுமா?

பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையைத் தர வேண்டும் என்பது செபியின் விதி. இந்த வேலையில் பாதி நேரம் ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் பில், கரண்ட் பில், தண்ணீர்க் கணக்கு என்றே ஓடும். உலகத்தைக் காப்பாற்ற வந்தவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்!

இங்கே நேர்மைக்கும் வேலை உண்டு. ஒரு எண் அளந்து வந்ததா, உத்தேசமா என்று மேலதிகாரியிடம் சொல்லத் தைரியம் வேண்டும். உத்தேசத்தை உறுதி மாதிரி காட்டினால், அதுதான் கிரீன்வாஷிங்.

வேகம் குறைவாக இருந்தாலும் மனம் தளரக் கூடாது. நிகர பூஜ்ஜியத்துக்கு இந்தியா வைத்திருக்கும் இலக்கு 2070. இன்று உங்களுக்கு 25 வயது என்றால், அப்போது எழுபதை நெருங்கியிருப்பீர்கள். ஆர்வம் மட்டும் அத்தனை வருஷம் தாங்காது. சம்பளம், குடும்பச் செலவு, லீவு எல்லாவற்றையும் கணக்குப் போட்டே இறங்குங்கள்.

வேலையை விடுவதற்கு முன்பு ஒரு சின்ன சோதனை. ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் பிஆர்எஸ்ஆர் அறிக்கையை டவுன்லோடு செய்து, எரிசக்தி பற்றிய பகுதியை அரை மணி நேரம் படியுங்கள். தூக்கம் வருகிறதா, அல்லது 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்கத் தோன்றுகிறதா?