இலங்கையில் அலைவாங்கிகளின் வரலாறு

ஒலிபரப்பின் வரலாறு பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையத்தின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. நிலையத்தைத் திறந்துவைத்தவர் யார், செலுத்தியின் வலு எவ்வளவு, தலைமை வகித்தோர் எவர் என்னுஞ் செய்திகள் நூல்களில் எளிதிற் கிடைக்கின்றன. அந்நிலையம் பரப்பிய அலையை வீட்டிலிருந்து பெற்ற கருவியைப்பற்றி ஒரு வரி காண்பதும் அரிதாயுள்ளது. கேட்போன் இல்லாவிடத்துச் சொல்வோன் சொல் பயனற்றதாகும். ஆதலால், இலங்கையின் ஒலிபரப்பு, ஒளிபரப்பு வரலாற்றை வாங்கியின் பக்கத்தினின்று நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாறு நோக்குமிடத்து, எதனைக் கேட்பது என்று தெரியும் உரிமை மக்களின் விரல்நுனிக்கு வந்த வரலாறாக அது விளங்கும்.

முதற்கண் வாங்கியின் தொழில் யாதென அறிதல் வேண்டும். வானிற் பல நிலையங்களின் அலைகள் ஒருங்கே பரவுகின்றன. உயர்த்திக் கட்டிய ஏரியற் கம்பி அவை அனைத்தையும் ஒன்றுபோலவே ஏற்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை விலக்குதலும், தெரிந்த அலையினின்று ஒலியைப் பிரித்தெடுத்தலும் வாங்கிச் சுற்றின் இரு கடமைகளாம். தெரிதற் பணியைச் செய்வன தூண்டற் சுருளும் கொள்ளளவியும். ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறு விசையும் பேராட்டம் தரும். ஒவ்வாது தள்ளினால் ஆட்டம் அடங்கும். அதுபோலச் சுருளும் கொள்ளளவியும் சேர்ந்த சுற்று, தனக்கு இசைந்த மீடிறனுடைய அலைக்கே பெரிதும் ஆடும். இப்பரிவு முறைக்கு ஒலிவர் லொட்ஜ் 1897 இல் உரிமம் வேண்டினார். பிரித்தற் பணிக்குக் கலீனா என்னும் ஈயக் கனியத்தைப் பயன்படுத்தி, 1904 இல் அமெரிக்க உரிமம் பெற்றவர் வங்கம் தந்த ஜகதீஸ் சந்திர போஸ். பின்னர் உலகெங்கும் பெருகிய பளிங்கு வாங்கிகளின் உள்ளத்தில் இருந்தது அத்தகைய கனியத் துண்டே.

இலங்கையில் இவ்வியக்கத்தைத் தொடக்கியவர் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர். 1921 இல் இங்கு வந்த அவர், கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டே அச்செலுத்தி ஆக்கப்பட்டது என்பர். 1925 டிசம்பர் 16 ஆம் நாள் ஆள்பதி சேர் ஹியூ கிளிபோட் கொழும்பு வானொலியைத் தொடக்கிவைத்தார். இலண்டன் பி.பி.சி. தோன்றி அப்பொழுது மூன்றாண்டுகளே கடந்திருந்தன. இவை யாவரும் அறிந்தவை. ஹாப்பர், ஆங்கிலேயரும் இலங்கையருமான ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கை வானொலிக் கழகமொன்றையும் நிறுவினார் என்பதே நமக்கு இங்கு முதன்மையானது. சென்னையிலும் 1924 இல் ஆர்வலர் கழகமொன்றே ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அக்காலத்துக் கேட்போருட் பலர் சுருளைத் தாமே சுற்றி, பளிங்கின்மீது மெல்லிய கம்பியை நகர்த்தி, ஒலி தோன்றும் புள்ளியைத் தாமே தேடியவர்கள். கேட்டலும் ஒரு கைத்தொழிலாக இருந்த காலம் அது.

பளிங்கு வாங்கிக்குப் புறமின்வலு வேண்டியதில்லை; அதன் குறையும் அதுவே. ஏரியல் தந்த வலுவே அதன் முழு முதல். அண்மையில் வலிய நிலையமொன்று இருப்பின், அதன் ஒலி ஏனைய யாவற்றையும் மூடிவிடும். பிளெமிங் 1904 இலும் டி பொரஸ்ட் 1906 இலும் ஆக்கிய வால்வுகள் மெல்லலையைப் பெருக்கும் வழியைத் திறந்தன. தெரிதற் குறையைத் தீர்த்தது ஆம்ஸ்ரோங் என்னும் அமெரிக்கர் 1918 இல் வகுத்த சுப்பர்ஹெற்றரோடைன் முறை. வாங்கி தன்னுள்ளேயே ஓர் அலையைப் பிறப்பித்து, வந்த அலையோடு கலக்கின்றது. இரண்டின் வேறுபாடாகிய இடைமீடிறன் எந்நிலையத்தைக் கேட்பினும் மாறாதது. ஆகவே அவ்வொரு மீடிறனுக்கு நுட்பமாக அமைத்த வடிகட்டி, எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக உதவுகின்றது.

இம்முறையின் சமுதாயப் பயனை நம் நாடு நன்கு கண்டது. பேலியகொடையிலே தொடங்கும் நீர்கொழும்புப் பெருந்தெரு வழியே வடக்கே சென்றால், ஜா-எலவை அடுத்து ஏக்கலை என்னும் இடமுண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படையினருக்கென எழுந்த ‘ரேடியோ சீக்’ நிலையத்தின் 100 கிலோவாட் சிற்றலைச் செலுத்தி அங்கே நிறுவப்பட்டது. 1949 இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிறந்தது. இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் 1952 முதல் அகில இந்திய வானொலியிற் திரைப்பாடல்களைக் குறைத்தபோது, தமிழகத்தாரும் வடநாட்டாரும் வாங்கியின் குமிழைத் திருப்பிக் கொழும்பைக் கேட்டனர். மயில்வாகனன் குரல் பாக்கு நீரிணை கடந்து வீட்டுப் பெயராயிற்று. 1957 இல் ‘விவித பாரதி’ தோன்றியதற்கு இக்குமிழ்த் திருப்பமும் ஒரு காரணம். வாக்குச்சீட்டின்றி மக்கள் அளித்த தீர்ப்பு அது. செலுத்தியின் வலு பெரிதேயாயினும், சிற்றலைகளின் நெருக்கத்துள் ஒன்றைப் பிரித்தெடுக்க வல்ல சுற்று எளிய வீடுகளை எட்டியிராவிடின் அத்தீர்ப்பு நிகழ்ந்திராது.

தொலைக்காட்சி வந்தபோது இச்சுற்று மேலும் கடினமாயிற்று. 1979 ஏப்பிரல் 13 இல் பன்னிப்பிட்டியிலிருந்து சுயாதீன தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாகினியும் தொடங்கின. இலங்கை ஏற்ற ‘பால்’ முறையில் ஐந்தாம் அலைவரிசையின் படமீடிறன் 175.25 மெகாஹேட்ஸ் ஆகும். அதன் அலைநீளம் சுமார் 171 சென்ரிமீற்றர். கூரைமேல் நின்ற ஏரியற் கோல் அதன் பாதியளவுக்குச் சற்றுக் குறைந்து இருந்தமைக்குக் காரணம் இதுவே. பல வாங்கிகளில் இடைமீடிறன் 38.9 மெகாஹேட்ஸ். ஆகவே அகத்தே பிறக்கும் அலை 214.15 ஆதல் வேண்டும். இனி, 253.05 மெகாஹேட்ஸில் வேறோர் அலை வருமாயின், அதற்கும் 214.15 க்கும் உள்ள வேறுபாடும் 38.9 தானே! கலப்பிக்கு இரண்டும் ஒன்றே. இவ்விம்ப மீடிறனைக் கலப்பிக்கு முன்பே தடுக்கவேண்டும். அதனாலேயே இசைவாக்கியின் முகப்பில் இரைச்சல் குறைந்த விரியலாக்கியையும் இசைந்த சுற்றுகளையும் வைத்தனர். அகத்தே பிறந்த அலை ஏரியல் வழியே வெளியேறி அயல்வீட்டாரின் படத்தைக் கெடாமலும் அம்முகப்பே காத்தது. பழைய பெட்டிகளிற் ‘கடக்’ என்று திரும்பிய குமிழின் பின்னே, அலைவரிசைக்கொரு சுருட்தொகுதி உருளையிற் சுழன்றது. பின்னர் மின்னழுத்தத்தாற் கொள்ளளவு மாறும் இருவாயி அதன் இடத்தைப் பிடித்தது. யாழ்ப்பாணத்தார் நெடிய கம்பங்களில் ஏரியலை உயர்த்தித் தமிழக ஒளிபரப்பைக் கண்டதும் அதே குமிழ்த் திருப்பத்தின் தொடர்ச்சியேயாம்.

இன்று இச்சுற்றுகள் யாவும் நகத்தளவான சில்லொன்றுள் அடங்கிவிட்டன. இணையவழி வருவனவற்றில், நம்முன் எது வரவேண்டும் என்பதை நாமறியாத கணிப்புகள் பெரிதும் தீர்மானிக்கின்றன. தெரிதல் என்னுந் தொழில் இல்லாது போகவில்லை. அது நம் விரலைவிட்டு அகன்று பிறர் கைக்குப் பெயர்ந்துள்ளது. இம்மாற்றத்தை உணர்வதற்கேனும், பௌதிகம் பயிலும் மாணவர் பழைய இசைவாக்கியொன்றைத் திறந்து, மேற்காட்டிய கணக்கைத் தாமே செய்து பார்த்தல் நன்று.

வரலாறு பயில்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. நிலையங்களுக்கு ஆவணக் காப்பகங்கள் உள; வாங்கிகளுக்கு அவை இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பழைய மாணவர் இல்லங்களில், பழுதான பெட்டியொன்றோ, அக்கால உரிமப் பத்திரமொன்றோ, சுற்றுப்படம் வரைந்த கொப்பியொன்றோ இன்னும் கிடத்தல் கூடும். பழைய இரும்பு வாங்குவோரிடம் அவை சேருமுன் கல்லூரிக்கு வந்து சேருமாயின், கேட்டோரின் வரலாற்றை எழுத ஒரு தொடக்கம் உண்டாகும். அதனைச் செய்தல் நம் தலைமுறையின் கடனாம்.