கூலி பேசும் மேஜை

திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை இருக்கிறது. விடிந்ததும் அங்கே போவது என் வழக்கம். ஒரு நாள், தெருக் கூட்டி முடித்து வந்த அம்மாள் ஒருத்தி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னைக் கேட்டாள்: "ஏன் சார், கவுன்சிலரம்மா நெனச்சா எங்க கூலிய ஏத்த முடியுமா?"

கேள்வி ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் துப்புரவுப் பெண்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். வேலை தனியார் கைக்குப் போனால் கூலி குறையும் என்பது அவர்கள் பயம். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மேயரும் பெண்; மன்றத்தில் பாதி இடமும் பெண்களுக்கு.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கையிலிருந்த டீயைப் பார்த்தேன். மூணாறு ஞாபகம் வந்தது.

2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கங்காணிமார் தென் ஜில்லாக்களிலிருந்து அழைத்துப்போன குடும்பங்களின் பேத்திகள். லயம் என்ற வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். வேலை ஓய்ந்தால் அந்த வீட்டையும் விட வேண்டியவர்கள். நாள் கூலி 232 ரூபாய். அந்த வருஷம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததும் தீ பற்றிக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை: 2005-ல் உருவான அந்தக் கம்பெனியில் தொழிலாளிகளும் பங்குதாரர்களே! சொந்தக்காரி என்று பங்குப் பத்திரம் சொல்லிற்று. சம்பளச் சீட்டு வேறு கதை சொல்லிற்று.

கோபம் கம்பெனி மேல் மட்டுமல்ல. கூலி பேசும் மேஜையைச் சுற்றி முதலாளிகள், சர்க்கார், தொழிற்சங்கம் என்று மூன்று தரப்பு. கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். சங்கத்தின் பேரால் பேசப் போகிறவர்கள் ஆண்கள். அவர்கள் கம்பெனியோடு சேர்ந்துகொண்டார்கள் என்று பெண்கள் பகிரங்கமாகவே குற்றம் சாட்டினார்கள். சங்கக் கொடியை உள்ளே விடவில்லை. ஆதரவு சொல்ல வந்த அரசியல்வாதிகள் சிலரை விரட்டியே விட்டார்கள். வீட்டு ஆண்பிள்ளைகளும் ஓரமாகத்தான் நின்றார்கள். தொண்ணூறு கடந்த அச்சுதானந்தன் வந்தபோது மாத்திரம் அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். ஒன்பதே நாளில், போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது.

கூலி 500 ரூபாய் கேட்டார்கள். அக்டோபரில் 301 என்று முடிவாயிற்று. கூடவே, பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாயிற்று. மேஜையில் உட்காராதவர்களுக்கு இப்படித்தான் கிடைக்கும்.

நவம்பரில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அவர்கள் நின்றார்கள். தமிழும் மலையாளமும் கைகோத்துக்கொண்ட பெயர்! ஒரு பிளாக் பஞ்சாயத்து இடமும் இரண்டு கிராமப் பஞ்சாயத்து இடங்களும் கிடைத்தன. தலைவிகளில் ஒருவரான கோமதி நல்லதண்ணியில் ஜெயித்தார். ஆனால் பஞ்சாயத்து என்பது குழாய்க்கும் விளக்குக்கும் ரஸ்தாவுக்கும் உள்ள சபை. கூலி மேஜை வேறு ஊரில் இருந்தது. தலைவிகளும் பிறகு பிரிந்துபோனார்கள். அதனால் எல்லாம் வீண் என்கிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. நாள் கூலிக்காரி ஓட்டுக் கேட்டு ஜெயித்ததை நான் சின்னக் காரியமாக எண்ணவில்லை. கூட்டத்துக்குப் போகும் நாளில் கூலி போகுமே! சென்னைக் கவுன்சிலர்களுக்கே மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் 2023-ல்தான் வந்தது.

இதையெல்லாம் அந்த அம்மாளுக்குச் சுருக்கிச் சொன்னேன். "அங்கே பஞ்சாயத்துக்கும் கூலிக்கும் சம்பந்தமில்லை, அம்மா. இங்கே அப்படி இல்லை. கவுன்சிலர் ஒருவரால் முடியாது. ஆனால் குப்பை வேலையை யாரிடம் விடுவது என்று தீர்மானம் போடுவது அவர்கள் மன்றம்தான்" என்றேன்.

அவள் டம்ளரைப் பெஞ்சியில் வைத்தாள்.

"அப்போ எங்க கூலி எவ்ளோன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல சார்?" என்றாள்.