ஏ-9 வீதியும் சில பயணப் பொதிகளும்

கனடாவில் வசிக்கும் என் தங்கையின் மகள் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நண்பர்கள் நால்வருடன் கொழும்பில் வந்திறங்கி, வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, யாழ்ப்பாணம் வரை போவது அவர்களது திட்டம். எங்கே காலைச் சாப்பாடு, எங்கே தேநீர், எந்த இடத்தில் எந்தப் பாடல்களைக் கேட்பது என்றெல்லாம் ஓர் அட்டவணையே தயாரித்திருந்தார்கள். "மாமா, ஏதும் விடுபட்டிருந்தால் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தாள்.

அட்டவணையைப் படித்துக்கொண்டு போனேன். அநுராதபுரத்துக்கு நான்கு வரிகள், வவுனியாவுக்கு ஒரு வரி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு முழுப் பக்கம். வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ஏறக்குறைய 140 கிலோமீற்றருக்கு எதிரே "நிற்காமல் போவது" என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. அந்தத் தூரத்தின் பெரும்பகுதி வன்னி. அதைக் கடக்க என் தலைமுறை பட்ட பாட்டை எண்ணிச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால் அதை இங்கே கட்டுரையாகவே தருகிறேன்.

ஏ-9 வீதி கண்டியில் தொடங்கி 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. அதன் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இராணுவ நடவடிக்கைகளின் பெயர்களைக் கொண்டே எழுதுகிறார்கள். அந்த வீதியால் போனவர்கள் தங்கள் பொதிகளில் எதை எடுத்துச் சென்றார்கள், எதை எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படவில்லை என்று பார்த்தாலும் அதே வரலாறு தெரியும் என்பது என் எண்ணம்.

லெனார்ட் வூல்ஃப் 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளம் சிவில் உத்தியோகத்தராக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டபோது வடக்குக்கான ரயில் பாதை இன்னும் முழுமையடையவில்லை. அநுராதபுரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டி என்ற பெயரில் ஓடிய மாட்டுவண்டியில் வன்னிக் காட்டினூடாகப் பயணம் செய்ததை அவர் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இங்கிலாந்திலிருந்து அவர் கொண்டுவந்த பொருட்களில் வோல்டேரின் நூல் தொகுதிகள் இருந்தன; கூடவே ஒரு நாயும் வந்தது. அந்த ஆண்டிலேயே ரயில் பாதை பூர்த்தியாயிற்று. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது.

என் இளமைக்காலத்து வடக்குப் பயணம் என்றால் யாழ்தேவிதான். போகும்போது வாழையிலையில் கட்டிய புளிச்சோறு; கொழும்புக்குத் திரும்பும்போது முட்டைமா, பனங்கட்டி, புளுக்கொடியல், கறுத்தக்கொழும்பான் மாம்பழம். வீதியால் போனவர்கள் முறிகண்டியில் நிற்காமல் போனதில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, பக்கத்துக் கடையில் சுடச்சுட வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டுதான் வாகனம் புறப்படும். அதில் சமய வேறுபாடு இருந்ததில்லை. கத்தோலிக்கச் சாரதிகளும், முஸ்லிம் லொறிக்காரர்களும், தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்களும் அங்கே இறங்கினார்கள். வானொலிப் பெட்டியில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒலிக்கும். எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசைப் பாடல்களை பஸ்ஸின் பின்னாசனத்தில் இளைஞர்கள் தாளம் போட்டுப் பாடுவார்கள். அக்காலத்தில் பயணத்துக்குத் திட்டமிடுவது என்றால் ஆசனப் பதிவும் கட்டுச்சோறும்தான்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது ரயில் நின்றது, வீதியும் மூடப்பட்டது. ஆனையிறவு படைமுகாமைத் தவிர்த்துப் போவதற்காக மக்கள் முதலில் கொம்படி, ஊரியான் வழியாக நீரிலும் சேற்றிலும் நடந்தார்கள். பின்னர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். கடற்படையின் தாக்குதலில் அந்த நீரேரியில் இறந்தவர்கள் பலர். படகில் விளக்குக் கூடாது, சுருட்டுப் பற்றவைக்கக் கூடாது, சத்தமும் கூடாது. பாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கரையில் இறங்கி உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் வன்னியைக் கடந்து தாண்டிக்குளத்தை அடைய வேண்டும். விடுதலைப் புலிகளின் பிரதேசத்தை விட்டு வெளியேற அவர்களிடம் 'பாஸ்' பெறவேண்டும். அதற்குப் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும்.

மறுபக்கத்தில் பொருளாதாரத் தடை. பெற்றோல், சீமெந்து, உரம், மின்கலம் தொடக்கம் சொக்லேற் வரை தடைப் பட்டியலில் இருந்தன. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றினேன். அச்சுக் காகிதம் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடிட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. மின்கலம் இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டு இழுபடும். பழைய ஒஸ்ரின் கேம்பிறிஜ் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

பொதிகளைப் பற்றி எழுதுகையில் ஒன்றை மறைக்க முடியாது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். கொண்டுபோக அனுமதிக்கப்பட்டது சில நூறு ரூபாவும் மாற்றுடுப்பும். நகைகளும் பறிக்கப்பட்டன. அயலவர்களாகிய நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் பத்திரிகைகளில் அது எழுதப்படவேண்டிய விதத்தில் எழுதப்படவில்லை. அச்சத்தால் எழுதவில்லை என்பது உண்மை. அது மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியாது.

1997 மே 13ஆம் திகதி இந்த வீதியைத் திறப்பதற்கென்றே 'ஜயசிக்குறுய்' நடவடிக்கையை இராணுவம் தொடங்கியது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் சண்டை நடந்தது. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வீதி திறக்கவில்லை. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின், ஏப்ரல் 8ஆம் திகதி அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இரண்டு நாட்கள் கழித்துக் கிளிநொச்சியில் நடந்த பிரபாகரனின் செய்தியாளர் மாநாட்டுக்கு உலகெங்கிலுமிருந்து வந்த பத்திரிகையாளர்கள் அந்த வீதியால்தான் போனார்கள்.

அந்த ஆண்டு வைகாசி மாதக் கடைசியில் நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரு பயணத்துக்குத் திட்டமிட்டோம். நான் அப்போது கொழும்பில் இருந்தேன். மற்ற மூவரில் ஒருவர் மாங்குளத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருவர் சிங்களப் புகைப்படக் கலைஞர். மூன்றாமவர் யாழ்ப்பாணம் சோனகர்தெருவில் பிறந்து, 1990இல் வெளியேற்றப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளாகப் புத்தளத்தில் ஓர் அகதிக் குடியிருப்பில் வாழ்ந்தவர். அவருடைய தந்தை இரும்பு வியாபாரி. சொந்த லொறியில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடியவர். ஏப்ரல் 13ஆம் திகதி பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் செய்துகொண்ட உடன்பாட்டில் முஸ்லிம்கள் திரும்பிவரலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. வீடு நிற்கிறதா என்று பார்த்துவர நண்பர் விரும்பினார்.

வெள்ளவத்தையில் இரண்டு மாலைகள் கூடிப் பேசினோம். ஒரு நாட்டுக்குள் பயணம் செய்ய எல்லைக் கடவைக்கான ஏற்பாடுகள் அத்தனையும் தேவைப்பட்டன. அடையாள அட்டைப் பிரதிகள், வாகனப் பத்திரங்கள், கமராவுக்குத் தனிக் கடிதம். பகலில் மட்டுமே பாதை திறந்திருக்கும். நேரமும் இரண்டு. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை மாற்றியதைப் புலிகள் ஏற்கவில்லை. ஆகவே ஓமந்தையைக் கடந்ததும் அரை மணி பின்னால் வைக்க வேண்டும். முகமாலையைக் கடந்து இராணுவத்தின் யாழ்ப்பாணத்துக்குள் போனதும் மீண்டும் முன்னால் வைக்க வேண்டும். 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இந்த விசித்திரம் நீடித்தது.

அதிக நேரம் எடுத்தது பாடல் விடயம்தான். எந்த ஒலிநாடாவை எந்தச் சாவடியில் வைத்திருக்கலாம் என்பது சாதாரணக் கேள்வியல்ல. புகைப்படக்காரர் பைலாப் பாடல்கள் கொண்டுவருவேன் என்றார். ஆசிரியர் சீர்காழியையும் டி. எம். சௌந்தரராஜனையும் பரிந்துரைத்தார். புத்தளத்து நண்பர் நாகூர் ஹனிபா இல்லாமல் பயணமா என்றார். கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது, சாவடிகளை நெருங்கும்போது பெட்டியை நிறுத்திவிடுவது என்று தீர்மானமாயிற்று. உணவைப் புத்தளத்து நண்பரின் மனைவி பொறுப்பேற்றார். மீன் பொரியலும் சோறும், ஒரு பெரிய பாத்திரம் நிறைய வட்டிலப்பமும்.

புத்தளத்தில் அவரை ஏற்றிக்கொண்டு அநுராதபுரம், மதவாச்சி வழியாக வவுனியா போனோம். ஓமந்தையில் எல்லாப் பொதிகளையும் இறக்கி, திறந்து காட்டி, மீண்டும் கட்டினோம். வட்டிலப்பப் பாத்திரமும் திறக்கப்பட்டது. பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி பறந்த சூனியப் பிரதேசம்; அதற்கப்பால் புளியங்குளத்தில் மறுதரப்பின் சாவடி. அங்கே ஒரு படிவம் நிரப்பவேண்டும். பெயர், தொழில், போகும் நோக்கம் எல்லாம் எழுதிய நண்பர், 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி இருந்தார். அடையாள அட்டையில் இருந்தது புத்தளம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவர் சோனகர்தெரு வீட்டிலக்கத்தை எழுதினார். படிவத்தை வாங்கிய இளைஞன் அட்டையையும் படிவத்தையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கு இருபது வயதிருக்கலாம், 1990இல் சிறுவன். ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்திக் கொடுத்தான்.

வேகக் கட்டுப்பாட்டை மீறினால் தமிழீழக் காவல்துறை தண்டம் அறவிடும் என்பதால் மெதுவாகவே போனோம். வீதியின் இருபக்கமும் மண்டையோடு வரைந்த சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைகள். கூரையுள்ள கட்டடம் அரிது. மாங்குளத்தில் ஆசிரியரின் சகோதரி எருமைத் தயிரும் காட்டுத் தேனும் தந்தார்; ஒரு சிரட்டை நிறையப் பாலைப்பழமும் வந்தது. அதன் பாலில் உதடுகள் ஒட்டிக்கொள்ள, புகைப்படக்காரர் பேச முடியாமல் விழித்ததைப் பார்த்துச் சிறுவர்கள் சிரித்தார்கள். முறிகண்டியில் நண்பரே முதலில் இறங்கினார். தந்தையின் லொறி எந்த மரத்தடியில் நிற்கும் என்று காட்டினார். கச்சான் வாங்கினார். கிளிநொச்சியில் பாண்டியன் உணவகத்தில் தேநீர். அங்கே இயக்கப் பாடல் ஒலித்தது. என்ன பாடுகிறார்கள் என்று புகைப்படக்காரர் கேட்டார். ஆசிரியர் தணிந்த குரலில் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். நண்பர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோனகர்தெரு வீட்டுக்குக் கூரையும் கதவும் நிலையும் இல்லை. சுவர்கள் இருந்தன. உள்ளே ஆளுயர நாயுருவிச் செடிகள். மிஞ்சிய வட்டிலப்பத்தைப் பக்கத்து வீட்டுப் பழைய அயலவரான ஓர் அம்மா கையில் வாங்கிக்கொண்டு அழுதார். நண்பர் அழவில்லை. திரும்பும் வழியில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலை மூடப்பட்டது. கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவத்தின் கைக்கு வந்தது. தயிரும் தேனும் தந்த அந்தக் குடும்பம் மக்களோடு மக்களாகக் கிழக்கே நகர்ந்து முள்ளிவாய்க்காலை அடைந்தது. அங்கிருந்து மீண்டவர்களில் அந்தச் சகோதரி இல்லை. உணவகத்தில் கேட்ட பாடல்களின் ஒலிநாடாக்களை வைத்திருக்கவே பின்னர் மக்கள் அஞ்சினார்கள். யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. ஓமந்தைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டது. இப்போது அந்த இடத்தை வான்கள் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகின்றன.

மருமகளின் அட்டவணையில் நான் மூன்று வரிகள் சேர்த்தேன். ஓமந்தையில் ஐந்து நிமிடம் இறங்கி நில்லுங்கள். பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் நில்லுங்கள். வைகாசி, ஆனியில் வந்தால் மாங்குளத்துக்கு அருகே பாலைப்பழம் கேளுங்கள். முறிகண்டியில் கச்சான் வாங்குங்கள். பாடல்களை அவர்களே தெரிவுசெய்யட்டும். சாவடிக்குப் பயந்து நிறுத்தவேண்டியதில்லை.

புத்தளத்து நண்பரோடு தொலைபேசியில் இதைச் சொன்னேன். சோனகர்தெருவில் சிலர் திரும்பிக் குடியேறியிருக்கிறார்கள்; அவர் போகவில்லை. பிள்ளைகள் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள். "பிள்ளையள் எந்தப் பக்கத்தால வருவினம்?" என்று கேட்டார். தம்புள்ளை வழியாக என்றேன். "புத்தளத்தால வரச் சொல்லுங்கோ. வட்டிலப்பம் குடுத்து விடலாம்" என்றார்.

அட்டவணையைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.