பிரிஜட் எந்தக் குறிச்சி?

ரொறன்ரோவில் படிக்கும் என் பேத்தியிடம் வகுப்பில் குடும்ப மரம் வரைந்து வரும்படி சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிளைகளை நான் நினைவிலிருந்து நிரப்பிக் கொடுத்தேன். அவளுடைய தந்தை ஐரிஷ் வழி வந்தவர். அந்தப் பக்கத்தில் மருமகனின் பூட்டியோடு கோடு நின்றுவிட்டது. பெயர் பிரிஜட், ஊர் கோர்க். அவ்வளவுதான் வீட்டில் தெரிந்திருந்தது. கோர்க் என்பது ஊர் மட்டுமல்ல, ஒரு பெரிய மாவட்டமும்கூட. வடமாகாணம் என்று மட்டும் சொல்லி ஒருவரைத் தேடுவது போன்றது அது. வரலாறு படிப்பித்த பழக்கத்தில், தேடுவோம் என்று நானும் உட்கார்ந்தேன்.

அயர்லாந்தில் வேர் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது 1922ஆம் ஆண்டின் கதையை. அந்நாட்டின் பொது ஆவணக் காப்பகம் டப்ளினில் 'ஃபோர் கோர்ட்ஸ்' எனப்படும் நீதிமன்ற வளாகத்தில் இருந்தது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அவ்வளாகம் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளாகி, ஜூன் 30ஆம் திகதி வெடித்து எரிந்தது. 13ஆம் நூற்றாண்டு முதல் சேர்த்து வைத்தவை சாம்பலாயின. 1821, 1831, 1841, 1851 குடிசன மதிப்பீடுகளில் சிறு துண்டுகளே எஞ்சின. 1871 வரை அரச திருச்சபையாக இருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் அழிந்தன.

எல்லாப் பழியும் தீயின் மீது போடக்கூடாது. 1861, 1871 மதிப்பீட்டுப் படிவங்களை அரசே கணக்கெடுத்து முடிந்த கையோடு அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதலாம் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகிப் போயின. ஆகவே முழுமையாக எஞ்சியவற்றில் மிகப் பழையவை 1901, 1911 ஆகிய இரண்டுமே. இவற்றை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

தேடலை அயர்லாந்தில் தொடங்குவது பயன்தராது. புலம்பெயர்ந்தவர் இறங்கிய நாட்டிலேயே தொடங்க வேண்டும். பிரிஜட்டின் ஒன்ராறியோத் திருமணப் பதிவில் பெற்றோரின் பெயர்கள் இருந்தன. பழைய மரண அறிவித்தல் ஒன்றில் பிறந்த பங்கின் பெயர் கிடைத்தது. அதன் பிறகே கடலைத் தாண்டினோம்.

1911ஆம் ஆண்டுப் படிவத்தில் பெண்களுக்கென்றே ஒரு கேள்வி உண்டு. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்பது அது. பிரிஜட்டின் தாய்க்கு எதிரே பிறந்தவர் ஒன்பது, இருப்பவர் ஆறு என்று எழுதியிருந்தது. அந்த மூவரைப் பற்றி மருமகனின் வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை.

அதே தாய் 1901இல் தன் வயதை 55 என்றும், 1911இல் 70 என்றும் சொல்லியிருந்தார். பத்து ஆண்டில் பதினைந்து வயது! இது அவர் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908இல் வந்தது; 1909 ஜனவரி முதல் எழுபது வயதானோருக்குப் பணம் கிடைத்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதியும் சட்டம் 1864இலேயே நடைமுறைக்கு வந்தது. வயதை எப்படி நிரூபிப்பது? ஏழை முதியவர்கள் தம் பெற்றோரின் பெயரையும் பிறந்த குறிச்சியையும் எழுதி, 1841 அல்லது 1851 மதிப்பீட்டில் தம்மைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். எழுதுநர்கள் மூல ஏட்டைப் புரட்டி, கண்டதைப் படிவத்தில் குறித்தார்கள். மூல ஏடு 1922இல் எரிந்தது. தேடல் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. பிரிஜட்டின் தாயும் அப்படி விண்ணப்பித்திருந்தார். 1851இல் பத்து வயதுச் சிறுமியாக, பெற்றோருடன், இன்ன குறிச்சியில் என்று அந்தப் படிவம் சொல்லியது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டு, அதேயளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதைத் தாண்டி உயிரோடிருந்த ஒரு குடும்பத்தை ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்று எங்களுக்குக் காட்டித் தந்தது.

குறிச்சி என்று நான் சொல்வதை அங்கே 'டவுன்லாந்து' என்பார்கள். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளன. குறிச்சி தெரிந்துவிட்டால் பல கதவுகள் திறக்கும். 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் மதிப்பீடு காணி, வீடு வைத்திருந்தோரைக் குறிச்சிவாரியாகச் சொல்கிறது. அதற்கு முந்திய தசமபாக ஏடுகள் 1820களுக்கும் 1830களுக்கும் உரியவை. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தக் காப்பகத்தில் வைக்கப்படாததால் தப்பின. ஏறக்குறைய 1880 வரையான அவற்றின் படங்களைத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றியது. பல ஏடுகள் இலத்தீனில் உள்ளன. ஜேம்ஸ் அங்கே ஜாக்கோபுஸ். ஞானஸ்நானப் பதிவில் தாயின் கன்னிப் பெயரும், ஞானப் பெற்றோரின் பெயர்களும் பெரும்பாலும் இருக்கும். ஞானப் பெற்றோர் பலவேளை உறவினரே.

பெயரிடும் வழக்கமும் துணை செய்கிறது. முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரும், முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயரும் வைப்பது அங்கே பரவலான வழக்கம். பாட்டனின் பெயரைத் தாங்குவதால் 'பெயரன்' என்று சொல்லும் எங்களுக்கு இது விளங்காததல்ல.

1922 தீக்கு நூறு ஆண்டு நிறைந்த 2022 ஜூனில், டப்ளின் திரித்துவக் கல்லூரியின் தலைமையில் ஒரு மெய்நிகர் ஆவணக் களஞ்சியம் திறக்கப்பட்டது. எரிந்த ஏடுகளிலிருந்து யாராவது எப்போதாவது எடுத்து வைத்த பிரதிகளைப் பல நாட்டுக் காப்பகங்களில் தேடிச் சேர்க்கிறார்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழையும் கலியாண அல்பத்தையும் விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! எஞ்சியிருப்பது வேறு யாரிடமாவது இருக்கும் பிரதிதான். ஆகவே, இம்மலரை வாசிக்கும் தோழியரே, உங்களிடம் இருக்கும் வகுப்புப் படத்தின் பின்னால் பெயர்களை எழுதுங்கள். அம்மம்மாவின் முழுப்பெயரையும் குறிச்சியையும் எழுதுங்கள். ஒரு பிரதி எடுத்து இன்னொருவருக்கு அனுப்புங்கள்.

என் பேத்தியின் மரம் இப்போது 1841இல் மகளைப் பெற்ற ஒரு தம்பதி வரை போகிறது. இறந்த மூன்று பிள்ளைகளுக்கும் அவள் பெட்டி வரைந்தாள். அவர்கள் பிறந்தது 1864க்குப் பிறகு என்பதால் பிறப்பு, இறப்புப் பதிவுகளில் தேடினோம். இருவரின் பெயர் கிடைத்தது. மூன்றாவது பெட்டி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.