ஒளி எழுப்பும் ஓசை

கிரகாம் பெல் என்றால் தொலைபேசிதான் ஞாபகத்துக்கு வரும். 1880-ல் அவர் சம்னர் டெய்ன்ட்டருடன் சேர்ந்து, கம்பியே இல்லாமல் ஒளிக்கற்றை வழியாகப் பேச்சை அனுப்பும் போட்டோஃபோனைச் செய்துகொண்டிருந்தார். அப்போது ஒரு விசித்திரம் தென்பட்டது. விட்டுவிட்டு விழும் சூரிய ஒளியை மெல்லிய கடின ரப்பர் தகட்டின் மேல் பாய்ச்சினால், தகட்டிலிருந்து ஓசை வந்தது! ஒளி பட்டதும் பொருள் துளியளவு சூடாகி விரிகிறது, நின்றதும் சுருங்குகிறது. அந்த அதிர்வுதான் ஓசை.

அதைக் கேட்க பெல்லிடம் இருந்த உணரி அவருடைய காதுதான். உடலுக்குள் இருந்து வரும் ஓசையைக் கேட்க அது போதாது. லேசர், அல்ட்ராசவுண்ட் உணரி, கணினி என்று மூன்றும் வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆனது.

ஏன் இந்தச் சுற்றுவழி? ஒளி சதைக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் சிதறிவிடும். ஒலி அவ்வளவு சிதறாது. சில நானோசெகண்ட் மட்டுமே நீடிக்கும் லேசர் துடிப்பை இரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சி, மீஒலியாகத் திருப்பித் தருகிறது. ஒலி மைக்ரோசெகண்டுக்குச் சுமார் 1.5 மி.மீ. போகும் என்பதால், வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம். திசை? ஒற்றை உணரிக்கு அது தெரியாது. பல இடங்களில் உணரிகளை வைத்து, ஒவ்வொன்றும் சொல்லும் தூரத்தில் வளைவுகள் வரைந்தால், அவை கூடும் இடத்தில் இரத்தக்குழாய் தெரியும்.

1990-களில் அமெரிக்காவில் க்ரூகரும் ஒரேவ்ஸ்கியும் தனித்தனியே இதில் இறங்கினார்கள். 2003-ல் டெக்சாஸில் லிஹோங் வாங் குழு, தோலையும் மண்டையோட்டையும் திறக்காமலே எலியின் மூளையைப் படமாக்கியது. 2005-ல் மிங்ஹுவா ஷூவும் வாங்கும், தளம், உருளை, கோளம் என மூன்று வடிவ உணரிப் பரப்புகளுக்கும் பொருந்தும் ஒரே சூத்திரத்தைத் தந்தார்கள்.

சூத்திரம் அழகுதான். ஆனால் அது பரப்பு முழுவதிலும் ஓசை கேட்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் மார்பகத்தின் மேல் ஒரு பக்கம்தானே உணரியை வைக்க முடிகிறது? அப்போது உள்நோக்கிச் செங்குத்தாக இறங்கும் குழாயின் ஓசை பெரும்பாலும் பக்கவாட்டில் போய்விடும். படத்தில் குழாய் மங்கும், அல்லது காணாமலே போகும். கேட்காத ஓசையைக் கணக்கு கொண்டுவராது, ஊகிக்கத்தான் முடியும். புற்றுநோயைத் தேடும் மருத்துவருக்கு ஊகம் ஆபத்து.

க்ரூகர் அதனால் கிண்ண வடிவில் உணரிகளை அடுக்கினார். லண்டனில் பால் பியர்ட் வேறு வழியில் போனார். வழக்கமான உணரி லேசரை மறைத்துவிடும் என்பதால், லேசர் ஊடுருவும் மெல்லிய பாலிமர் படலத்தையே உணரியாக்கினார்.

2021 ஜனவரியில், மார்பகக் கட்டிகளைப் பரிசோதிக்கும் இமேஜியோ கருவிக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அதில் அல்ட்ராசவுண்டும் கூடவே இருக்கிறது. கையில் பிடித்து வைக்கும் அதன் உணரி, இன்றும் ஒரு பக்கத்திலிருந்துதான் கேட்கிறது.