லூனியும் ஈயக்குண்டும்

கனடாவில் படித்துத் திரும்பிய நண்பன் ஒரு டாலர் நாணயத்தைக் கையில் வைத்தான். தங்க நிறம், பதினொரு பக்கம், நடுவே நீரில் மிதக்கும் பறவை. “வாத்தா?” என்றேன். “லூன்டா. காசுக்கே லூனின்னுதான் பேரு.” 1987இல் வெளிவந்த அந்தக் காசில் முதலில் படகோட்டிகள்தான் இருந்திருக்க வேண்டும். ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்கிற்கு அனுப்பிய அச்சு வழியில் தொலைந்துபோனதால், கள்ளக்காசுக்குப் பயந்து படத்தையே மாற்றிவிட்டார்கள்.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். பறவை எலும்பு என்றால் உள்ளே காற்று என்றுதான் நினைத்திருந்தேன். லூனுக்குப் பெரும்பாலும் கெட்டி எலும்பு. கால்கள் உடம்பின் கடைசியில். தண்ணீருக்குள் நீர்மூழ்கிதான், தரையில் நடக்கவே திணறும். அதனால் ஏரிக்கரையை ஒட்டியே கூடு கட்டும். அணை ஏரியில் நீர்மட்டம் ஏறினால் முட்டை மூழ்கிவிடும், இறங்கினால் தாய் கூட்டை எட்ட முடியாது. இதற்காகவே மிதக்கும் தெப்பங்களைச் செய்து விடுகிறார்கள். எனக்குப் பிடித்த பொறியியல் இது.

தோரோ 1854இல் வெளியிட்ட ‘வால்டன்’ நூலிலேயே லூனைச் சுடத் துப்பாக்கியோடு குளத்துக்கு வரும் ஆட்கள் இருக்கிறார்கள். 1916இல் கனடாவுக்காக பிரிட்டன் அமெரிக்காவோடு வலசைப் பறவை ஒப்பந்தம் செய்தது. 1918இல் அமெரிக்கச் சட்டமும் வந்தது. சுடுவது குற்றமானது. ஆனால் தூண்டிலை யாரும் கவனிக்கவில்லை.

இரையை அரைக்க லூன் கூழாங்கல் விழுங்கும். ஏரியடியில் கிடக்கும் ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். தூண்டிலை அறுத்துக்கொண்டு ஓடிய மீனோடும் குண்டு உள்ளே போகும். இரைப்பையில் தேய்ந்து, அமிலத்தில் கரைந்து, இரத்தத்தில் கலக்கும். ஒரே ஒரு சிறு குண்டு போதும். நியூ ஹாம்ப்ஷயரில் 1975இல் லூன் பாதுகாப்புக் குழு தொடங்கியது. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஈயம். அங்கே ஒரு அவுன்ஸ் வரையிலான ஈயக்குண்டை விற்கவும் நன்னீரில் பயன்படுத்தவும் முழுத்தடை வர 2016 ஆனது. அவ்வளவு காலம் இழுத்திருக்கிறது!

போன வாரம் அப்பாவின் தூண்டில் பெட்டியைத் திறந்தேன். டப்பா நிறைய பத்து லாடுங், எல்லாம் ஈயம். சின்ன வயதில் நரம்பில் கோத்து, பல்லால் கடித்துதான் மூடுவேன்.

“நம்ம ஊர்ல லூன் ஏதுடா?” என்றார்.

“கொக்கு இருக்கேப்பா. நானும் கடிச்சிருக்கேன்.”

டப்பாவை வாங்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். குப்பையில் போடவில்லை. பெட்டியிலும் திரும்ப வைக்கவில்லை.